ஈரத்துக்கு நாலு கிலோ

எங்கள் தோட்டத்தில் பிள்ளைகள் சாவதில்லை. ஒபிஸ் சுவரில் தொங்கிய பச்சைப் பலகையில் மூன்று மொழியிலும் அப்படித்தான் எழுதியிருந்தது: "சிசு மரணம்: பூச்சியம்". ஆறு வருடமாக அந்தப் பூச்சியத்துக்கு வருடம் தவறாமல் புதுப் பெயின்ட் அடித்தார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குக் கடைசியாகப் பெயின்ட் அடித்தது யார் காலத்தில் என்று யாருக்கும் நினைவில்லை.

என் முதல் பிள்ளை அந்த ஆறு வருடத்துக்குள், நாலாவது வருடத்தில், செத்துப் பிறந்தான். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை என்று எனக்கு எழுத்திலேயே விளக்கம் தந்திருக்கிறார்கள். கடிதம் இன்னும் என் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் நிறுவையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

றக்வானையிலிருந்து மேலே ஏறும் பஸ் பதினெட்டு வளைவு வளைந்து எங்கள் தோட்டத்துக்கு வரும். தோட்டத்தின் எல்லையில் ஒரு சிறிய பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் தோட்டம், அந்தப் பக்கம் அரசாங்கம். பாலத்துக்கு இந்தப் பக்கத்தில் பிள்ளைகள் சாகாமல் பார்த்துக்கொள்வதற்காகக் கம்பனி ஒரு குழு வைத்திருந்தது. அதன் முழுப் பெயர் "தாய்சேய் மரணப் பூச்சிய இலக்குக் கண்காணிப்புக் குழு". நாங்கள் பூச்சியக் குழு என்போம். தலைவர் கொழும்பிலிருந்து வருடத்தில் இரண்டு தடவை வரும் பணிப்பாளர். செயலாளர் தோட்டத்து நலன்புரி அதிகாரி தயாபரன் சேர். அவர் நல்ல மனிதர். யாரைக் கண்டாலும் சிரித்து, ஒரு படிவம் கொடுப்பார்.

கர்ப்பிணிகளை மாதம் ஒரு முறை நிறுக்க வேண்டும் என்பது குழுவின் முதல் தீர்மானம். அதற்காக ஆள் நிறுக்கும் மெசின் ஒன்றும், பிரஷர் பார்க்கும் மெசின் ஒன்றும் வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்தன. இரண்டுக்கும் ரிப்பன் கட்டி, ஒபிஸ் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பிரதம விருந்தினர் வந்து திறந்து வைக்க வேண்டும். பிரதம விருந்தினர் யார் என்று தீர்மானிக்க ஓர் உபகுழு அமைத்தார்கள். உபகுழு தீர்மானிக்கும் வரை தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துத் தராசிலேயே நிறுப்பது என்பது இரண்டாவது தீர்மானம்.

மடுவத்துத் தராசு கூரையிலிருந்து தொங்கும் ஒரு கொக்கி. கொழுந்துச் சாக்கின் நாலு மூலையிலும் கயிறு கட்டி ஊஞ்சலாக்கி, அதற்குள் கர்ப்பிணியை உட்காரவைத்து, இரண்டு பேர் தூக்கிக் கொக்கியில் மாட்டுவார்கள். முள்ளைப் பார்ப்பவர் கந்தையா கங்காணி. முப்பத்திரண்டு வருடம் கொழுந்து நிறுத்த கை. கொழுந்தில் சாக்குக்கு ஒரு கிலோ, மழை நாளென்றால் ஈரத்துக்கு நாலு கிலோ கழிப்பது தோட்டத்து வழக்கம். யார் அழுதும் மாறாத வழக்கம். அவர் எங்களையும் அப்படியே நிறுத்தார்.

"அறுபத்திரண்டு. சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு நாலு. ஐம்பத்தேழு. எறக்குங்க."

"நான் நனையவே இல்லீங்களே கங்காணி" என்று தொங்கியபடியே பிரேமலதா அக்கா ஒரு முறை கேட்டாள்.

"மழை பெஞ்சிச்சில்ல. பெஞ்சா கழிவு."

"நான் என்ன கொழுந்தா?"

"தராசுக்கு எல்லாம் ஒண்ணுதான் புள்ள."

இப்படியாக மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துக் கர்ப்பிணிகள் எல்லோரும் ஒரே நாளில் மெலிந்தார்கள். வெயில் வந்ததும் ஒரே நாளில் கொழுத்தார்கள். குழு இதைக் கவனிக்காமல் இல்லை. வரைபடம் வரைந்து, மழைக்கும் மெலிவுக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டுபிடித்து, கர்ப்பிணிகளுக்குக் குடை வழங்கத் தீர்மானித்தது. குடை வந்தது. ஒன்று.

என் முதல் பிள்ளைக்கு எட்டாம் மாதம் நடந்தபோது ஐப்பசி மழை. தலை இடித்தது. கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. கால் வீங்கினால் ஆம்பளப் பிள்ளை என்று எங்கள் லயத்தில் ஒரு கணிப்பு உண்டு. அதனால் என் காலைப் பார்த்தவர்கள் எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். என் வீட்டுக்காரர் பிரதீபன் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அவர் ஒரு பலகைத் துண்டைச் செதுக்கிக் கிரிக்கட் மட்டை செய்யத் தொடங்கினார்.

அந்த மாதம் நிறை எழுதும் என் கர்ப்பிணி அட்டையில் போன மாதத்தைவிட இரண்டு கிலோ கூடியிருந்தது. பக்கத்தில் "திருப்தி" என்று முத்திரை குத்தியிருந்தது. நானும் திருப்திப்பட்டேன்.

எட்டு நாள் கழித்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது கண்ணுக்குள் பொறி பறந்தது. தேயிலைக்கு நடுவில் விழுந்தேன். கொழுந்து லொறியில்தான் ஏற்றினார்கள். லொறி முதலில் பக்டரிக்குப் போனது. கொழுந்து வாடிவிடும் அல்லவா. எல்லாச் சாக்கையும் இறக்கிய பிறகு பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனது. டொக்டர் என் வயிற்றில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

அவனுக்குத் தலை நிறைய முடி இருந்தது. பிரதீபனுடைய முடி.

ஒரு மாதம் கழித்துப் பூச்சியக் குழு விசாரணை வைத்தது. நீளமான மேசை, ஏழு பேர், தேநீர், மீன் பெட்டிஸ். சுவரில் தோட்டத்துப் படம். பாலம் இருக்கும் இடத்தில் சிவப்பு ஊசி குத்தியிருந்தார்கள்.

"முக்கியமான கேள்வி இதுதான்" என்றார் தயாபரன் சேர். "பிள்ளை கடைசியா எங்க அசைஞ்சது?"

எனக்கு விளங்கவில்லை. "வயித்துக்குள்ளதாங்க சேர்" என்றேன்.

"அது சரி. ரோட்டுல எங்க? பாலத்துக்கு முன்னுக்கா, பின்னுக்கா?"

எப்போது அசைந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விழுந்ததற்கு முதல் நாளிலிருந்தே அசைவு குறைந்திருந்தது. அது சொல்ல வேண்டிய விசயம் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

லொறியில் கூட வந்த பிரதீபனைக் கேட்டார்கள். "மாத்தயா, நான் பாலத்தையா பாத்துக்கிட்டு வந்தேன்?" என்றார் அவர். அதைப் "பாலத்தைத் தாண்டும்வரை மரணம் எதுவும் அவதானிக்கப்படவில்லை" என்று எழுதிக்கொண்டார்கள். பாலத்தின் நடுவிலேயே நடந்திருந்தால் என்ன செய்வது என்று ஓர் அங்கத்தவர் கேட்டார். ரோட்டுக்காரர்களுக்கு எழுத வேண்டியிருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். மூன்று கூட்டம் நடந்தது. நாலாவது நாள் கடிதம் வந்தது: சம்பவம் பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்திருப்பதால் தோட்டத்துப் பூச்சியம் பாதிக்கப்படவில்லை, குழு தன் ஆழ்ந்த அனுதாபத்தையும் மகிழ்ச்சியையும் தெரிவித்துக்கொள்கிறது.

இரண்டு வருடம் கழித்து மறுபடி முழுகாமல் இருந்தேன். இந்த முறை எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். இந்தப் பிள்ளை உயிரோடு வர வேண்டும். பாலத்துக்கு எந்தப் பக்கம் வந்தாலும் சரி.

அப்போதுதான் றிஸ்மியா மிஸ் எங்கள் பகுதிக்கு மருத்துவிச்சியாக மாற்றலாகி வந்திருந்தார். றக்வானை டவுன்காரர். கறுப்புக் குடை, பெரிய கைப்பை, வேகமான நடை. முதல் நாளே என் பழைய அட்டையைக் கேட்டார். ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கடிதத்தோடு அதையும் வைத்திருந்தேன்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஷாமிளா, தலையிடி, கால் வீக்கம், கண்ணுல பொறி. இவ்வளவும் இருந்திருக்கு. நிறை மட்டும் எப்படி இவ்வளவு ஒழுங்கா இருக்கு? இந்தப் பிரஷர் நோய்ல உடம்புல தண்ணி கட்டும். நிறை திடீர்னு ஏறணுமே."

"அன்னைக்கு மழைங்க மிஸ்" என்றேன்.

"மழைக்கும் இதுக்கும் என்ன?"

கழிவைப் பற்றிச் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு மடுவத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

கந்தையா கங்காணி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அட்டையை அவர் முன் நீட்டினேன். "மாமா, இந்த மாசம் எவ்வளவு கழிச்சீங்க?"

கங்காணிக்கு ஞாபகம் அதிகம். எந்த வருடம் எந்த மலையில் எத்தனை கிலோ என்று கேட்டால் சொல்வார். "தராசு அறுபத்தொண்ணு காட்டிச்சு. சாக்குக்கு ஒண்ணு. நல்ல மழை. ஈரத்துக்கு நாலு. ஐம்பத்தாறு போட்டேன்."

"அதுக்கு முந்தின மாசம்?"

"ஐம்பத்துநாலு. வெயில். ஈரம் கழிக்கல."

"அப்ப கூடினது ரெண்டு கிலோ இல்ல, கங்காணி ஐயா" என்றார் றிஸ்மியா மிஸ். "ஆறு கிலோ. அந்த ஆறைப் பாத்திருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாங்க."

கங்காணியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. நாலு கிலோ எங்கே போனது என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "சாக்கு நனைஞ்சிருந்துச்சு புள்ள" என்றார்.

கழிவை நிறுத்தும்படி றிஸ்மியா மிஸ் குழுவுக்கு எழுதினார். குழு இரண்டு மாதம் ஆலோசித்தது. தாய்மார்களுக்கிடையே பாகுபாடு காட்டப்படுவது வருத்தத்துக்குரியது என்று ஒப்புக்கொண்டது. இனிமேல் மழையோ வெயிலோ எல்லோருக்கும் சமமாக மூன்று கிலோ கழிக்கப்படும் என்று தீர்மானித்தது.

தீர்மானம் வந்த பிறகு கங்காணி குழுவுக்காக உரத்த குரலில் ஒரு நிறை சொல்வார். சாக்கை இறக்கும்போது என் காதுக்குள் இன்னொரு நிறை சொல்வார். முதலாவதை அட்டையின் முன்பக்கத்தில் பேனையால் எழுதினார்கள். இரண்டாவதை நான் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்.

பிரஷர் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மிஸ்ஸின் மெசின் பழுதாகித் திருத்தப் போயிருந்தது. அது திரும்பி வர எட்டுக் கையெழுத்து வேண்டுமாம், ஐந்து கிடைத்திருந்தது. பதினைந்து நாளுக்கொரு முறை டவுன் கிளினிக்குக்குப் போய்ப் பார்த்து வந்தேன். எட்டாம் மாதம் வரை குறை ஒன்றும் இல்லை.

அப்போதுதான் உபகுழு பிரதம விருந்தினரைத் தீர்மானித்தது. பணிப்பாளரே பிரதம விருந்தினர். பூச்சியத்தின் ஆறாண்டு நிறைவு விழா, மெசின் திறப்பு, கம்பனியின் சிறந்த தோட்டத்துக்கான கேடயம். விழாவை முன்னிட்டு அந்த வாரம் எங்களைக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்லும் வேன் ரத்து. வேன் பந்தலுக்குக் கதிரைகள் ஏற்றப் போய்விட்டது.

தயாபரன் சேர் லயத்தில் என் காம்பராவுக்கே வந்தார். "ஷாமிளா, உங்களை மாதிரித் தாயாத் தெரிவு செஞ்சிருக்கம். மேடைல பணிப்பாளர் உங்க கையில பிரஷர் மெசினைக் கட்டுவார். போட்டோவுக்கு."

எனக்கு இரண்டு நாளாகத் தலை இடித்துக்கொண்டிருந்தது. கால் மறுபடி செருப்புக்குள் போகவில்லை. "கட்டினா பிரஷரைப் பாப்பாங்களா சேர்?" என்று கேட்டேன்.

"இல்ல, இல்ல. பயப்படாதீங்க. அதுல பெட்டரி இல்ல."

இதை அப்படியே றிஸ்மியா மிஸ்ஸுக்குப் போனில் சொன்னேன். "நாளைக்கு வரும்போது ஜவ்பர் நானா கடையில நாலு பெட்டரி வாங்கிட்டு வாறன். தலையிடி கூடினா காத்திருக்க வேணாம், உடனே போன் அடிங்க. நீங்க மேடைக்கு ஏறினாச் சரி" என்றார்.

விழா பெரட்டுக் களத்தில் நடந்தது. தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும் அதே இடத்தில் பந்தல் போட்டு, பெரிய பூச்சியம் ஒன்றைச் செவ்வந்திப் பூவால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலர்வளையம் போலவே இருந்தது.

தயாபரன் சேர் வரவேற்றுப் பேசினார். "இந்த ஆறு வருசத்துல நம்ம தோட்டத்துல ஒரு சிசுவும் இறக்கல. இறந்தவை எதுவும் நம்ம தோட்டத்துல இறக்கல. அந்தப் பெருமை நம்ம பாலத்தையே சாரும்."

பணிப்பாளர் எழுந்தார். "பூச்சியம் என்பது வெறும் எண் அல்ல. அது ஒரு கலாசாரம். பல தோட்டங்களில் பிள்ளைகளைக் காப்பாற்றுவதில் நேரத்தை வீணாக்கி, பதிவேட்டைக் கவனிக்காமல் விடுகிறார்கள். நாம் அப்படி அல்ல." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கை தடித்திருந்ததால் சத்தம் அவ்வளவாக வரவில்லை.

முதலில் நிறுவை. ரிப்பனை வெட்டினார்கள். புது மெசினில் ஏறி நின்றேன். தோட்டத்தின் நிறுவைக்காரர் என்ற முறையில் கந்தையா கங்காணியின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. குனிந்து எண்ணைப் பார்த்தார். நிமிர்ந்து என் காலைப் பார்த்தார்.

"அறுபத்துநாலு" என்றார்.

"கழிங்க, கழிங்க" என்று தயாபரன் சேர் பக்கத்திலிருந்து முணுமுணுத்தார். மைக்கில் அதுவும் கேட்டது.

"இதுல சாக்கும் இல்ல, ஈரமும் இல்லீங்க சேர்."

"தீர்மானம் இருக்கே கங்காணி. மூணு."

"கழிக்க மாட்டேங்க" என்றார் கந்தையா கங்காணி. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. கூட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இத நம்ம கொழுந்துக்கும் சொல்லுங்க கங்காணி" என்று பிரேமலதா அக்கா பின்னாலிருந்து கத்தினாள்.

அட்டையைத் திருப்பினேன். பதினைந்து நாளுக்கு முன் பென்சிலில் அறுபது. றிஸ்மியா மிஸ் அதை எட்டிப் பார்த்தார். உடனே பிரஷர் மெசினின் மூடியைக் கழற்றிப் பெட்டரி போட்டார். பணிப்பாளர் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே பட்டியை என் கையில் சுற்றினார். மிஸ் பொத்தானை அமத்தினார். பட்டி ஊதத் தொடங்கியதும் பணிப்பாளர் கையை இழுத்துக்கொண்டார். அது வேலை செய்யும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து.

"சேர், இவவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றார் மிஸ்.

"இன்னும் பதினொரு பேர் பேச இருக்காங்க" என்றார் தயாபரன் சேர், நிகழ்ச்சி நிரலைக் காட்டி. "நன்றியுரை முடிஞ்சதும் போகலாமே."

"விழா முடியும் மட்டும் பொறுக்க ஏலாதா?" என்று பணிப்பாளரும் கேட்டார்.

றிஸ்மியா மிஸ் குரலை உயர்த்தவில்லை. "நீங்க பொறுங்க சேர். ஆனா ஏதாவது நடந்தா பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் நடக்கும்."

பணிப்பாளர் மேலே தொங்கிய செவ்வந்திப் பூச்சியத்தை ஒரு முறை பார்த்தார். அடுத்த நிமிடம் அவருடைய ஜீப் மேடையடிக்கே வந்துவிட்டது. குழுவின் ஏழு பேரும் சேர்ந்து என்னைத் தூக்கினார்கள். ஒரு தீர்மானத்தை அவ்வளவு வேகமாக அவர்கள் நிறைவேற்றி நான் பார்த்ததில்லை. "கவனமா, கவனமா" என்றார் தயாபரன் சேர். "பாலம் வரைக்கும் ஹோர்ன் அடிச்சுக்கிட்டே போங்க."

பிரதீபன் முன்னால் ஏறினார். மிஸ் என் பக்கத்தில். ஐந்து நிமிடத்தில் பாலத்தைத் தாண்டினோம். தாண்டியதும் டிரைவர் ஜீப்பை ஓரமாக்கி எஞ்சினை நிறுத்தினார். பாலத்தைத் தாண்டச் சொல்லித்தான் உத்தரவாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையாம். சிங்களத்தில் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

மிஸ்ஸும் சிங்களத்தில் அதே மரியாதையோடு பதில் சொன்னார். அதன் சாரம் இதுதான்: தம்பி, இந்தப் பெண்ணுக்கு இதிலேயே வலிப்பு வந்தால், பிரசவமும் இந்தத் தோல் சீட்டில்தான். கழுவப்போவது நீங்கள்.

"ஹரி, ஹரி", சரி, சரி என்று டிரைவர் எஞ்சினைப் போட்டார். ஆஸ்பத்திரி வாசல் வரை அவர் பிரேக் பிடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள், பிரஷர் இறங்கியதும் வயிற்றைக் கிழித்தார்கள். மயக்கம் தெளிந்தபோது முதலில் கேட்டது அழுகைச் சத்தம். வேறு யாருடைய பிள்ளையோ என்று நினைத்துப் பேசாமல் படுத்திருந்தேன். தாதி வந்து, "அம்மே, ஒயாகே தமய்" என்று என் பக்கத்தில் வைத்தார். உன்னுடையதுதான். பெண் பிள்ளை. வீங்கிய காலை வைத்துச் சொன்ன கணிப்பு பொய்யாகிப்போனதில் லயத்தில் சிலருக்கு இன்னும் வருத்தம்.

எஹலியகொடையில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு மூன்றாம் மாதம் தோட்டத்துக்குத் திரும்பினேன். பிள்ளையைத் தோட்டத்துப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். ஒபிஸில் தயாபரன் சேர் சிரித்துக்கொண்டே படிவத்தை எடுத்தார். புது நிறுவை மெசின் மேசையில் இருந்தது. பக்கத்தில் கந்தையா கங்காணியும் றிஸ்மியா மிஸ்ஸும்.

"தாயின் எத்தனையாவது பிள்ளை" என்று வாசித்து, அவரே "ஒன்று" என்று எழுதப் போனார்.

"ரெண்டுங்க சேர்" என்றேன்.

பேனை நின்றது. "முதலாவது பாலத்துக்கு அந்தப் பக்கமில்லயா, ஷாமிளா? அது நமக்கு வராதே."

"எனக்கு வரும் சேர்."

"ரெண்டுன்னு எழுதினா ஒண்ணு எங்கன்னு கேப்பாங்க. பலகையை மாத்தணும். கேடயத்தைத் திருப்பிக் குடுக்கணும். யோசிச்சுப் பாருங்க."

நான் யோசிக்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பின்னால் வரிசை நீண்டது. தயாபரன் சேர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் ஜன்னலைப் பார்த்தார்.

"எழுதுங்க சேர்" என்றார் கந்தையா கங்காணி. "நான் நாலு கிலோ கழிச்ச புள்ள அது. எனக்குத் தெரியும்."

தயாபரன் சேர் வெகுநேரம் பேனையைத் திறந்து மூடினார். பிறகு "இரண்டு" என்று எழுதினார். எழுத்து கொஞ்சம் சிறியது, ஆனால் வாசிக்கலாம்.

பலகையில் இப்போது பூச்சியம் இல்லை. ஒன்று என்று இருக்கிறது. கேடயம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. அங்கே கிளினிக்கும் இல்லை, பதிவேடும் இல்லை. ஆகவே குறை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் ஒபிஸைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த ஒன்றைப் பார்ப்பேன். பிரதீபன் செதுக்கிய மட்டை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. மகள் அதைப் பிடிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

அன்று படிவத்தில் கடைசியாக மிஸ் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் மிச்சமிருந்தது: நிறை. பிள்ளையைப் புது மெசினில் படுக்கவைத்தோம். அவள் கூரையைப் பார்த்தாள், கங்காணியைப் பார்த்தாள், பிறகு நிதானமாக மெசின் முழுக்க ஒன்றுக்குப் போனாள்.

கங்காணி ஈரத்தைப் பார்த்தார். அவருடைய உதடு பழக்கத்தில் கொஞ்சம் அசைந்தது.

"நாலு கிலோ" என்றார். "ஈரத்தோடயே எழுதுங்க மிஸ்."